இன்னும் பேசவில்லை, ஓரிடத்தில் உட்காரவில்லை: ஆட்டிசம், ஏடிஎச்டி பற்றி பெங்களூர்த் தமிழ்ப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

நான் பெங்களூரில் சிறப்புக் கல்வி ஆசிரியையாக வேலை பார்க்கிறேன். அல்சூர், லிங்கராஜபுரம், விவேக் நகர், ஸ்ரீராமபுரம், பானஸ்வாடி என்று நம்மவர்கள் அதிகம் இருக்கும் பகுதிகளிலிருந்து வரும் அம்மாக்கள், அப்பாக்கள், பாட்டிமார் கேட்கும் கேள்விகள்தான் இவை. இந்த ஊரில் நம் குழந்தைகளுக்கு உதவி தாமதமாகக் கிடைப்பதற்குப் பெரிய காரணம், "நாலு மொழி காதுல விழுது, அதான் பேச்சு வரல" என்று நாமே சொல்லிக்கொள்ளும் சமாதானம். அதனால் மொழி பற்றிய கேள்விகளுக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

ஆட்டிசம் என்றால் என்ன, ஏடிஎச்டி என்றால் என்ன? இரண்டும் ஒன்றா?

வேறு வேறு. ஆனால் இரண்டுமே மூளை வளரும் விதத்தில் ஆரம்பத்திலிருந்தே இருக்கும் வேறுபாடுகள். வளர்ப்பில் வந்த குறை கிடையாது.

ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு மற்றவர்களோடு பழகுவதும், பேச்சாலும் பார்வையாலும் சைகையாலும் மனதில் இருப்பதைத் தெரிவிப்பதும் சிரமமாக இருக்கும். அதோடு, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது, சின்ன மாற்றத்தைக்கூடத் தாங்க முடியாமல் தவிப்பது, குக்கர் விசில் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவது, ஒரே மாதிரித் துணி, ஒரே மாதிரிச் சாப்பாடு வேண்டும் என்பது போன்றவையும் இருக்கும். எல்லாக் குழந்தைக்கும் எல்லாமும் ஒரே அளவில் இருக்காது. பேச்சே வராத பிள்ளையும் உண்டு, பி.இ. படித்து வேலைக்குப் போகிறவரும் உண்டு.

ஏடிஎச்டி-யில் சிக்கல் வேறு. ஒரு வேலையில் கவனத்தை நிறுத்துவது, உடம்பை அடக்கி உட்காருவது, யோசித்துவிட்டுச் செய்வது ஆகியவை வயதுக்குத் தகுந்த அளவு கைகூடாது. உலகம் முழுவதும் பார்த்தால் குழந்தைகளில் ஏறக்குறைய 5 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. நாற்பது பேர் உட்காரும் வகுப்பில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டிசத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 2021-ஆம் ஆண்டுக் கணக்கு, 127 பேரில் ஒருவர்.

ஒரே பிள்ளைக்கு இரண்டும் இருக்கலாம். மருத்துவர்கள் பின்பற்றும் அமெரிக்க மனநலக் கையேடு 2013-க்கு முன் இரண்டையும் சேர்த்து எழுத அனுமதிக்கவில்லை. உங்கள் பிள்ளையின் ரிப்போர்ட்டில் ஒன்று மட்டும் எழுதியிருந்து, மற்றதன் அறிகுறிகளும் தெரிந்தால் மறுபடி ஒருமுறை காட்டுவது நல்லது.

வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், ப்ளே ஸ்கூலில் இங்கிலீஷ், மாடி வீட்டில் இந்தி. அதனால்தானே பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை?

இல்லை. பல மொழிகள் கேட்பதால் ஆட்டிசம் வராது, பேச்சுத் தாமதக் கோளாறும் வராது. இந்த ஊரில் நம் குழந்தைகளில் பெரும்பாலோர் மூன்று மொழிகளுக்கு நடுவில்தான் வளர்கிறார்கள், மூன்றையும் கலந்து பேசியபடியே பேச்சு பழகுகிறார்கள். ஒரு பிள்ளை "பால்" என்று தமிழிலும், "பேடா" (வேண்டாம்) என்று கன்னடத்திலும், "பை" என்று இங்கிலீஷிலும் சொன்னால் அதை மூன்று வார்த்தையாகத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். தமிழில் ஒன்றுதானே தெரியும் என்று எண்ணக் கூடாது. எல்லா மொழியையும் கூட்டினாலும் இரண்டு வயதில் விரல் விட்டு எண்ணும்படிதான் வார்த்தைகள் இருக்கின்றன என்றால், அதற்கு மொழிகளைக் காரணம் சொல்ல முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் முக்கியம். பேச்சு வருவதற்கு முன்பே குழந்தை பேசத் தொடங்கிவிடுகிறது. பஸ்ஸைப் பார்த்தால் விரல் நீட்டும். நீட்டிவிட்டு, "நீயும் பார்த்தியா?" என்பதுபோல அம்மா முகத்தைத் திரும்பிப் பார்க்கும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பும். டாட்டா காட்டும். பொம்மைக்குச் சோறு ஊட்டும். இதற்கெல்லாம் தமிழும் தேவையில்லை, கன்னடமும் தேவையில்லை. இவை வராமல் இருந்தால் மொழிக் குழப்பம் என்ற விளக்கம் பொருந்தவே பொருந்தாது.

இரண்டரை வயதுப் பையன் ஒருவன் என் அறைக்கு வந்தான். பிஸ்கட் டப்பா அலமாரியில் இருந்தது. அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், அவர் கையைத் தூக்கி டப்பா மேல் வைத்தான். ஒரு முறைகூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பாட்டி பின்னாலிருந்து "கண்ணா, கண்ணா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், திரும்பவில்லை. பையில் சிப்ஸ் பாக்கெட் சரசரத்ததும் சட்டென்று திரும்பினான். "வீட்டுல நாங்க தமிழ், பார்த்துக்கிற அம்மா கன்னடம், அதான் குழம்பிப் போயிட்டான்னு டாக்டர்கிட்டப் போகாம இருந்தோம்" என்றார் அந்த அம்மா. அவனுக்குக் காது கேட்கிறது, எது வேண்டும் என்பதும் தெரிகிறது. இன்னொருவர் மூலமாகக் கேட்டு வாங்கலாம் என்பதுதான் அவனுக்குக் கைவரவில்லை. எந்த மொழியைக் குறைத்தாலும் அது வராது. சொல்லிக் கொடுத்தால் வரும்.

ஆனால் பேச்சுப் பயிற்சி தரும் தெரபிஸ்டே "இனி இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள்" என்கிறாரே?

சிலர் இன்னும் அப்படிச் சொல்கிறார்கள், சொல்லக் கூடாது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் ஒரு மொழியில் வளர்பவர்களையும் இரண்டு மொழியில் வளர்பவர்களையும் ஒப்பிட்டுப் பல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. இரண்டு மொழிக் குழந்தைகள் பின்தங்கியதாக அவை காட்டவில்லை.

வீட்டு மொழியை நிறுத்தினால் இழப்புதான் பெரிது. "கம், சிட், ஈட், நோ" என்ற அளவுக்கு மட்டுமே இங்கிலீஷ் வரும் ஒரு அம்மா அதில் பிள்ளையைக் கொஞ்ச முடியாது, சமாதானப்படுத்த முடியாது, கதை சொல்ல முடியாது. பாட்டி வாயைக் கட்டியதுபோல் ஆகிவிடுகிறார். நாள் முழுவதும் பிள்ளை காதில் விழும் பேச்சே பாதியாகக் குறைந்துவிடுகிறது. பேச்சுக்கு ஏங்கும் குழந்தைக்கு நாம் செய்யும் உதவியா இது?

உங்களுக்கு இயல்பாக வருகிற மொழியில், அது தமிழானால் தமிழில், நிறையப் பேசுங்கள். தெரபிஸ்டுக்குத் தமிழ் தெரியாவிட்டால், வாரம் ஐந்து வார்த்தைகளை அவர் இங்கிலீஷிலும் நீங்கள் தமிழிலும் சொல்லிக் கொடுக்கலாம். இந்த ஊரில் தமிழ் தெரிந்த தெரபிஸ்டுகள் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

சில பிள்ளைகள் வீட்டில் யாரும் பேசாத இங்கிலீஷை யூடியூப் பார்த்தே பிடித்துக்கொள்கின்றன. அதைத் தடுக்க வேண்டாம். பிள்ளை "ரெட் கார்" என்றால், "ஆமா, ரெட் கார், சிவப்பு காரு வேகமாப் போகுது" என்று நீட்டிச் சொல்லுங்கள்.

"இவங்க அப்பாவும் நாலு வயசுலதான் பேசினான்" என்கிறார் மாமியார். காத்திருக்கலாமா?

மாமியார் பொய் சொல்லவில்லை. தாமதமாகப் பேசத் தொடங்கி மற்றவர்களை எட்டிப் பிடிக்கும் பிள்ளைகள் உண்டு. ஆனால் இரண்டு வயதில் பார்த்து, யார் எட்டிப் பிடிப்பார், யாருக்கு உதவி வேண்டும் என்று வீட்டிலிருந்தபடி யாராலும் சொல்ல முடியாது. போய்க் காட்டி, ஒன்றுமில்லை என்று வந்தால் ஒரு நாள்தான் போகும். காட்டாமல் இருந்து, இருக்கிறது என்று பின்னால் தெரிந்தால் மூளை வேகமாக வளரும் வருடங்கள் போய்விடும். அப்பாவுக்குப் பேச்சு தாமதமானது என்பதை மருத்துவரிடமும் சொல்லுங்கள். இவை குடும்பத்தில் வரக்கூடியவை என்பதால் அது பயனுள்ள தகவல்.

ஐந்து வயதுவரை பேசாமல் இருந்து திருச்செந்தூரில் பேசிய குமரகுருபரர் கதையைச் சொல்லாத குடும்பம் நம்மிடம் குறைவு. வேண்டிக்கொள்ளுங்கள், தாராளமாகப் போய் வாருங்கள். அதே வாரத்தில் காது கேட்கும் சோதனைக்கும் கூட்டிப் போங்கள். நாக்கில் வசம்பு தேய்த்தால் பேச்சு வரும் என்பதற்கு ஆதாரம் கிடையாது.

எந்த வயதில் எதைப் பார்த்தால் உடனே போக வேண்டும்?

ஒரு வயது முடிந்தும் மழலைச் சத்தம் இல்லை, விரல் நீட்டுவதோ டாட்டா காட்டுவதோ இல்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. ஒன்றேகால், ஒன்றரை வயதில் ஒரு வார்த்தையும் இல்லை. இரண்டு வயதில் "பால் வேணும்", "அப்பா வா" போல இரண்டு வார்த்தை சேர்ந்து வரவில்லை. இவற்றில் எது இருந்தாலும் போய்க் காட்டுங்கள்.

வந்த வார்த்தைகள் திடீரென்று நின்றுபோனால், எந்த வயதானாலும் அந்த வாரமே போங்கள். சொல்லிக்கொண்டிருந்த "அம்மா", "தாத்தா" ஒன்றரை வயதுவாக்கில் மறைந்துபோன குழந்தைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வீட்டில் ஊர் மாறியதையோ தம்பி பிறந்ததையோ காரணம் சொல்வார்கள். அப்படி விட்டுவிடாதீர்கள்.

ஏ பி சி டி முழுக்கச் சொல்கிறான், டிவி விளம்பரம் அப்படியே ஒப்பிக்கிறான். அப்புறம் எப்படி ஆட்டிசம்?

சொற்கள் இருப்பதும் பேச்சு இருப்பதும் ஒன்றல்ல. "தண்ணி வேணுமா?" என்று கேட்டால் "தண்ணி வேணுமா" என்றே திருப்பிச் சொல்கிறானா, பசித்தால் கேட்கிறானா, "இது என்ன?" என்றால் பதில் வருகிறதா என்று பாருங்கள். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வதும் ஒரு படிதான், அதைத் திட்டி நிறுத்தக் கூடாது. அதிலிருந்துதான் பல பிள்ளைகள் சொந்தப் பேச்சுக்கு வருகிறார்கள்.

சுறுசுறுப்பான பிள்ளை என்றால் சேட்டை இருக்கத்தானே செய்யும்? மொபைல் கொடுத்தால் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்காருகிறான், இவனுக்கா கவனக் குறைவு?

நாலு வயதில் சேட்டை செய்யாத பிள்ளை அபூர்வம். ஏடிஎச்டி என்று சொல்ல வேண்டுமானால் அறிகுறிகள் ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும், 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், வீட்டில் மட்டுமோ பள்ளியில் மட்டுமோ இல்லாமல் இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும், அதனால் படிப்போ பழக்கமோ பாதுகாப்போ பாதிக்கப்பட வேண்டும். கணக்கு டீச்சர் வகுப்பில் மட்டும் ஆடுகிறான் என்றால் முதலில் அந்த வகுப்பைப் பற்றி விசாரியுங்கள்.

மொபைல் விஷயம் எல்லோரும் கேட்பது. திரையில் நொடிக்கு நொடி புதிதாக ஏதோ வந்துகொண்டே இருக்கிறது, கவனத்தை அதுவே இழுத்து வைத்துக்கொள்கிறது. சுவாரசியம் இல்லாத ஒன்றில், உதாரணமாகப் பத்துக் கூட்டல் கணக்கில், தானாகவே கவனத்தைக் கொண்டு போய் நிறுத்துவதுதான் இந்தப் பிள்ளைகளுக்குக் கஷ்டம். அதைச் சோம்பேறித்தனம் என்று அடிக்கிறோம். அடித்தால் கணக்கு வராது, பயம்தான் வரும்.

எங்கள் பெண் சேட்டையே செய்யமாட்டாள், எப்போதும் ஏதோ கனவில் இருப்பாள். அவளுக்கும் இருக்குமா?

இருக்கலாம். துள்ளல் இல்லாத, கவனக் குறைவு மட்டும் உள்ள ஏடிஎச்டி உண்டு. பெண் பிள்ளைகளில் அது கண்ணில் படாமலே போய்விடுகிறது, ஏனென்றால் வகுப்பில் யாருக்கும் தொந்தரவு இல்லை. டிபன் பாக்ஸ், ஸ்கேல், ரெக்கார்டு நோட்டு எல்லாம் தொலையும். தெரிந்த பதிலைப் பரீட்சையில் எழுத மறந்துவிடுவாள். "நல்ல பொண்ணுதான், முயற்சி பத்தலை" என்று ஒவ்வொரு வருடமும் டீச்சர் எழுதுவார். ஒன்பதாம் வகுப்பில் பாடச் சுமை ஏறும்போதுதான் எல்லாம் ஒரேயடியாகச் சரியும். அப்போது வரும் பெண்கள் முதலில் என்னிடம் சொல்வது "நான் முட்டாள்" என்பதைத்தான். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

ஆட்டிசத்திலும் இப்படியே. மற்ற பெண்களைப் பார்த்து அப்படியே நடந்து, பள்ளியில் சமாளித்துவிட்டு, வீட்டுக்கு வந்து வெடித்து அழும் பெண்கள் இருக்கிறார்கள். பள்ளியில் ஒன்றும் தெரியவில்லையே என்று வீட்டில் நடப்பதைத் தள்ளிவிடாதீர்கள்.

இது எதனால் வருகிறது? நாங்கள் ஏதாவது தப்பு செய்தோமா?

இல்லை. இரண்டிலுமே மரபணுக்களின் பங்கு பெரியது. வளரும் மூளையைப் பாதிக்கும் வேறு காரணங்களும் சேர்கின்றன. குறைமாதப் பிறப்பு அவற்றில் ஒன்று. தாயின் பாசம் போதாததால் ஆட்டிசம் வருகிறது என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே எழுதினார்கள். அது தவறு என்று நிரூபணமாகிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் "நீ வேலைக்குப் போனதாலதான்" என்று மருமகளைப் பார்த்துச் சொல்வது இன்னும் நிற்கவில்லை.

தடுப்பூசியாலும் வருவதில்லை. 1998-ல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற மருத்துவர் தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டு ஒரு கட்டுரை எழுதினார். 2010-ல் அந்த மருத்துவ இதழ் அதைத் திரும்பப் பெற்றது, பிரிட்டனில் அவருடைய மருத்துவர் பதிவும் ரத்தானது. 2019-ல் டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து வந்த ஆய்விலும் தொடர்பு எதுவும் இல்லை. நம் ஊரில் தட்டம்மை ஊசியின் இரண்டாவது தவணை 16 முதல் 24 மாதத்துக்குள் போடப்படுகிறது. ஆட்டிசத்தின் அறிகுறிகள் பெற்றோர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதும் அதே வயதில்தான். அதனால்தான் ஊசிக்குப் பிறகு வந்ததுபோல் தோன்றுகிறது.

சொந்தத்தில் கல்யாணம் செய்ததைப் பற்றியும் கேட்பீர்கள். மாமா பெண், அக்கா மகள் என்று நெருங்கிய உறவில் மணந்தால் சில பரம்பரை நோய்களுக்கான வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மை. ஆனால் ஆட்டிசம் எல்லா வகைக் குடும்பத்திலும் வருகிறது, உங்கள் பிள்ளைக்கு அதனால்தான் வந்தது என்று யாராலும் கைகாட்ட முடியாது. முதல் பிள்ளைக்கு ஆட்டிசம் இருந்தால் அடுத்த பிள்ளைக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று வாய்ப்பு உண்டு. அதனால் இரண்டாவது குழந்தையை முதல் வருடத்திலிருந்தே கூர்ந்து கவனியுங்கள்.

மொபைலைக் குறையுங்கள், இரண்டு வயதுக்கு முன் வேண்டவே வேண்டாம். திரை முன் உட்காரும் நேரமெல்லாம் நம்மோடு பேசும் நேரம் போகிறது. ஆனால் மொபைலைப் பிடுங்கியதும் ஆட்டிசம் சரியாகிவிடும் என்று யாராவது வீடியோ போட்டிருந்தால் அதை நம்பி மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பெங்களூரில் எங்கே போவது?

முதலில் உங்கள் குழந்தை மருத்துவரிடம் போய், வளர்ச்சி மதிப்பீடு வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். "பார்ப்போம், மூணு வயசு ஆகட்டும்" என்றால் வேறு மருத்துவரிடம் போங்கள்.

ஓசூர் ரோட்டில் இருக்கும் மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸில் குழந்தைகள், வளரிளம் பருவத்தினருக்கென்றே தனி மனநலத் துறை இருக்கிறது. அரசு நிறுவனம், செலவு குறைவு. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்ப் பதிவு செய்து ஒரு முழு நாளை ஒதுக்கிக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் பக்கத்திலிருந்தும் நிறையப் பேர் வரும் இடம் என்பதால் அங்கே தமிழ் புதிதில்லை. காது, பேச்சு சோதனைக்கு ஹென்னூர் ரோடு லிங்கராஜபுரத்தில் டாக்டர் எஸ்.ஆர். சந்திரசேகர் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது. மைசூருக்குப் போக முடிந்தால் மத்திய அரசின் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது. இந்திராநகரில் 1980-லிருந்து இயங்கும் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆஃப் கர்நாடகா ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கும் பயிற்சி தருகிறது. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் போகும் பிள்ளைகளுக்கு 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற தேசியக் குழந்தை நலத் திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு.

போகும்போது பிறப்பு விவரம், தடுப்பூசி அட்டை, பள்ளி நோட்டு, அதோடு போனில் எடுத்த இரண்டு மூன்று சின்ன வீடியோக்களைக் கொண்டு போங்கள். புது இடத்தில் பிள்ளை வேறு மாதிரி இருப்பான். வீட்டில் விளையாடுவது, பேர் சொல்லிக் கூப்பிடும்போது என்ன செய்கிறான் என்பது வீடியோவில் தெரியும். ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ ஆட்டிசமும் ஏடிஎச்டி-யும் தெரியாது. உங்களிடம் கேட்டும் பிள்ளையைக் கவனித்தும்தான் சொல்வார்கள். கேள்விகள் புரியாவிட்டால் தமிழில் கேட்கச் சொல்லுங்கள், கூச்சம் வேண்டாம். "பொம்மையை வைத்துப் பாவனை விளையாட்டு விளையாடுகிறானா?" என்பதை இங்கிலீஷில் கேட்டு, புரியாமல் "எஸ்" என்று தலையாட்டிவிட்டு வந்தவர்கள் நிறைய.

தெரபிக்கு மாதம் ஆயிரக்கணக்கில் ஆகிறது. வீட்டில் செய்ய முடியாதா?

வீட்டில் செய்வதுதான் பெரிய பங்கு. வாரம் இரண்டு முறை முக்கால் மணி நேரம் தெரபிஸ்டிடம் இருக்கும் பிள்ளை மீதி நேரமெல்லாம் உங்களோடுதான் இருக்கிறது. உங்களை அறைக்கு வெளியே உட்கார வைத்துவிட்டு, என்ன செய்தோம் என்று சொல்லாமல் அனுப்பும் இடம் என்றால் மாற்றிவிடுங்கள்.

தோசை ஊற்றும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முழுத் தோசையைத் தட்டில் வைக்காமல் ஒரு துண்டு மட்டும் வையுங்கள். அடுத்த துண்டைக் கையில் பிடித்து, பிள்ளையின் கண் உயரத்துக்குக் குனிந்து காத்திருங்கள். கை நீட்டினால், "இன்னும்" என்று சொல்லிக் கொடுங்கள். சத்தம் வந்தாலும் கொடுங்கள். சில நாளில் உங்களைப் பார்ப்பான், பிறகு "இம்" என்பான். பேச்சு வரும்வரை படம் காட்டிக் கேட்கவும் பழக்கலாம். படம் பழகினால் பேச்சு வராது என்பது வீண் பயம், உதவத்தான் செய்யும்.

ஏடிஎச்டி என்றால் நீளமான அறிவுரை வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு வேலை, சின்னதாகச் சொல்லுங்கள். செய்து முடித்த உடனே பாராட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குக் கூட்டிப் போகிறேன் என்று திங்கட்கிழமை சொல்வது இந்தப் பிள்ளைகளுக்கு எட்டாத தூரம்.

ஏடிஎச்டி-க்கு மாத்திரை கொடுக்கலாமா? அடிமையாகிவிடுவானா?

ஆறு வயதுக்குக் கீழே என்றால் முதலில் பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சிதான். அதற்கு மேல், பாதிப்பு அதிகமாக இருந்தால் மருத்துவர் மாத்திரை எழுதலாம். மெத்தில்ஃபெனிடேட் உலகில் பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கும் மருந்து. இந்தியாவில் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பதால் சீட்டு இல்லாமல் கிடைக்காது. அடோமாக்ஸெடின் வேறு வகை. மருத்துவர் சொன்ன அளவில் கொடுத்தால் அடிமையாக்காது. இதை எடுத்துக்கொண்ட பிள்ளைகள் பின்னால் போதைக்குப் போவது கூடியதாக ஆய்வுகள் காட்டவில்லை.

பசி குறையும், சிலருக்குத் தூக்கம் தள்ளிப்போகும். காலையில் வயிறாரச் சாப்பிட வைத்துவிட்டு மாத்திரை கொடுங்கள், மத்தியானம் டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வந்தால் திட்டாதீர்கள், மருந்தின் வேகம் குறையும் சாயங்காலத்தில் நன்றாகக் கொடுங்கள். எடை, உயரம், ரத்த அழுத்தத்தை மருத்துவர் அவ்வப்போது பார்க்க வேண்டும்.

ஆட்டிசத்தின் அடிப்படைச் சிரமங்களுக்கு மாத்திரை கிடையாது. தன்னைத்தானே அடித்துக்கொள்வது, தூக்கமின்மை, வலிப்பு போன்றவற்றுக்கு மட்டும் தேவைப்பட்டால் மருந்து தருவார்கள்.

முழுக்கக் குணமாக்குகிறோம் என்று விளம்பரம் வருகிறதே, ஸ்டெம் செல் சிகிச்சை?

வேண்டாம். லட்சக்கணக்கில் பணம் போகும், நகை போகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2017-ல் வெளியிட்ட விதிகளின்படி, ஆட்டிசம் போன்றவற்றுக்கு ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே பயன்படுத்தக் கூடாது. ஆய்வில் சேர்ப்பவர்கள் அதற்குப் பணம் வாங்கமாட்டார்கள்.

கோதுமையும் பாலும் நிறுத்தும் டயட்டுக்கும் உறுதியான ஆதாரம் இல்லை. தயிர் சாதம் தவிர வேறெதையும் தொடாத பிள்ளையிடமிருந்து தயிரையும் பிடுங்கினால் அது எதைச் சாப்பிடும்?

பள்ளியில் சேர்க்க மறுக்கிறார்கள். மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்கினால் முத்திரை குத்திவிடுவார்களோ?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, ஆட்டிசத்தையும், படிப்பது, எழுதுவது, கணக்குப் போடுவதில் மட்டும் வரும் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் 21 வகைகளில் சேர்த்திருக்கிறது. அரசு நடத்தும், அரசு உதவி பெறும், அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும் என்கிறது. பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று இருந்தால் 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்விக்கு உரிமை உண்டு. பொதுத் தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம், பிள்ளை சொல்லச் சொல்ல எழுதித் தரும் எழுத்தர் போன்றவையும் இதன் வழியாகத்தான் வரும். சி.பி.எஸ்.இ.யில் இரண்டு மொழிக்குப் பதில் ஒரு மொழி மட்டும் படிக்கவும் வழியுண்டு. மூன்று மொழிப் பாடத்தில் திணறும் நம் பிள்ளைகளுக்கு இது பெரிய நிம்மதி. உங்கள் பள்ளி வேறு போர்டு என்றால் எட்டாம் வகுப்பிலேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள், பத்தாம் வகுப்பு ஜனவரியில் ஓடினால் நடக்காது.

ஏடிஎச்டி அந்த 21-ல் தனியாக இல்லை. இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. ஆனால் ஏடிஎச்டி உள்ள கணிசமான பிள்ளைகளுக்குக் கற்றல் குறைபாடும் சேர்ந்து இருக்கும். எட்டு வயதுக்கு மேல் அதைச் சோதித்துச் சான்று வாங்கலாம்.

சான்றிதழ் உங்கள் பீரோவில் இருக்கும் காகிதம். எங்கே காட்ட வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்வீர்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்ட்டின் நிராமயா காப்பீட்டில் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும், தெரபியும் அதில் அடங்கும்.

பதின்ம வயதில் என்ன மாறும்?

ஏடிஎச்டி-யில் ஓட்டமும் துள்ளலும் குறையும். மறதி, தள்ளிப்போடுதல், பட்டென்று கோபம் ஆகியவை தங்கிவிடலாம். வண்டிச் சாவியைக் கொடுப்பதற்கு முன் யோசியுங்கள், இந்தப் பிள்ளைகளுக்கு விபத்து வாய்ப்பு கூடுதல். ஆட்டிசத்தில் சிலருக்கு இந்த வயதில் வலிப்பு தொடங்குவதுண்டு. பதற்றமும் மனச்சோர்வும் இருவரிடமும் அதிகம். வகுப்பில் கேலி செய்யப்படுவது அதற்குப் பெரிய காரணம். "செத்துப்போகலாம்போல இருக்கு" என்று பிள்ளை சொன்னால் நாடகம் என்று நினைக்காதீர்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும், தமிழிலும், இலவசமாகப் பேசலாம்.

ஆட்டிசம் உள்ள பெண் பிள்ளைக்கு மாதவிடாய் பற்றி அது வருவதற்கு முன்பே படம் காட்டிச் சொல்லிக் கொடுங்கள், சானிட்டரி பேடை வெறுமனே அணிந்து பழக்குங்கள். அப்புறம் அந்த மஞ்சள் நீராட்டு. ஒரு பெண்ணுக்கு மண்டபம் பிடித்து, பட்டுப்புடவை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்து, மேளம் வைத்து, இருநூறு பேர் வரிசையாக வந்து கன்னத்தில் சந்தனம் பூசினார்கள். யாரும் தொட்டாலே துடித்துப்போகும் பிள்ளை அது. மேடையிலேயே கையைக் கடித்துக்கொண்டு அழுதது. எல்லோரும் பேய் பிடித்துவிட்டது என்றார்கள். வீட்டில் நாலு பேர், பருத்தித் துணி, மேளம் வேண்டாம் என்று செய்தால் சடங்கும் நடக்கும், பிள்ளையும் நிம்மதியாக இருக்கும்.

18 வயது ஆனதும் பெற்றோர் தானாகவே சட்டப்படியான காப்பாளர் ஆகிவிட மாட்டார்கள். வங்கி, சொத்து விஷயங்களில் தானே முடிவெடுக்க முடியாத நிலை என்றால், 1999-ஆம் ஆண்டு நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி மாவட்ட அளவிலான குழுவிடம் காப்பாளர் உரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுக் குழந்தையிடம் இந்த அறிகுறிகளைப் பார்க்கிறேன். சொல்லலாமா?

சொல்லுங்கள், ஆனால் நோயின் பெயரைச் சொல்லாதீர்கள், நாலு பேர் முன்னிலையிலும் சொல்லாதீர்கள். அந்த அம்மா தனியாக இருக்கும்போது, நீங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: "நான் கூப்பிட்டப்போ திரும்பல, காது ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பாக்கலாமே." காது சோதனை என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், முதல் படியும் அதுதான். கூட வரட்டுமா என்று கேளுங்கள். நிம்ஹான்ஸ் வரிசையில் நிற்கும்போது பிள்ளையைப் பிடித்துக்கொள்ளவும், டோக்கன் எடுத்து வரவும் இன்னொரு ஆள் இருப்பது பெரிய உதவி.